நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பானில் இருக்கும் உறவினரைப் பற்றி எப்படித் தகவல் தெரிந்துகொள்வது?

நாகைக்காரன் (ஆகஸ்ட் 24, இரவு 9:40)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை, மாப்பிள்ளை, அவர்களுடைய சின்னப் பையன் மூவரும் ஜப்பானில் இருக்கிறார்கள். 2024 ஜனவரி 1 அன்று நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவில் நிலநடுக்கம் வந்தபோது பக்கத்தில் கனஸாவா நகரத்தில் இருந்தார்கள். அங்கே மாலை 4:10, நமக்குப் பகல் 12:40. அம்மா பாயசத்தை இறக்கிவைத்துக்கொண்டிருந்தார். டிவியில் கீழே ஓடிய வரியில் சுனாமி எச்சரிக்கை என்று வந்தது. நாங்கள் நாகப்பட்டினம். 2004-க்குப் பிறகு எங்கள் தெருவில் அந்தச் சொல்லுக்கு யாரும் அர்த்தம் கேட்பதில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த ஐந்தரை மணி நேரம் எந்தத் தகவலும் இல்லை. போன் முதலில் மணி அடித்தது, எடுக்கவில்லை. அப்புறம் அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்றது. கடைசியில் யாரோ ஒரு நேபாள மாணவருடைய போனை வாங்கி மாப்பிள்ளை ஒரு வரி அனுப்பினார். பையனைத் தூக்கிக்கொண்டு மேட்டுப்பகுதியில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஓடியிருக்கிறார்கள். சார்ஜர் வீட்டிலேயே இருந்துவிட்டது. இரவு போனை உயிர்ப்பித்துப் பார்த்தால் 61 தவறிய அழைப்புகள். நாங்கள் சொந்தபந்தம் எல்லோரும் மாறி மாறிக் கூப்பிட்டே அந்த பேட்டரியைத் தீர்த்திருக்கிறோம். இதை நினைக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

இப்போது மாப்பிள்ளைக்கு நகோயாவுக்கு மாற்றல். அது நான்காய் அகழி என்கிறார்களே, ஜப்பானுக்குத் தெற்கே இருக்கும் கடலடிப் பள்ளம், அங்கே பெருநிலநடுக்கம் வரக்கூடிய பகுதிக்குள் வருகிறது. 2024 ஆகஸ்ட் 8 அன்று முதல்முறையாக அதற்கு அரசாங்கமே கவன அறிவிப்பு கொடுத்தது.

என் கேள்வி இரண்டுதான். போன் வேலை செய்யாவிட்டால் அவர்கள் எங்கே தகவல் விடுவார்கள், நாங்கள் எங்கே பார்ப்பது? எங்கோ ஒரு முகாமில் இருந்தால், அந்த முகாமில் இருக்கிறார்கள் என்று எங்களுக்கு யார் சொல்வார்கள்?

டோக்கியோவாசி (ஆகஸ்ட் 24, இரவு 11:05)

நாகைத் தம்பி, 61 அழைப்புக்காக உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். 2011 மார்ச் 11 அன்று என் போனிலும் அதே கதைதான்.

அன்று மதியம் 2:46. நான் ஷினகாவாவில் அலுவலகத்தில் இருந்தேன். மேசைக்கு அடியில் போய்த் திரும்பி எழுந்தபோது எல்லோர் கையிலும் போன், எல்லோரும் காதில் வைத்திருக்கிறார்கள், ஒருவரும் பேசவில்லை. கம்பெனிகள் குரல் அழைப்பை 70 முதல் 95 சதவீதம் வரை கட்டுப்படுத்தின என்று பிறகு தெரிந்தது. 95 சதவீதம் என்றால் இருபது முறை அடித்தால் ஒன்று போகும், அவ்வளவுதான். ஆம்புலன்ஸ், தீயணைப்பு அழைப்புகளுக்கு வழி விட வேண்டுமே. ஆனால் டேட்டாவை அவ்வளவு இறுக்கவில்லை, அதிகபட்சம் 30 சதவீதம், சில கம்பெனிகள் கைவைக்கவே இல்லை. அதனால் மனைவிக்கு நான் போட்ட போன் ஒன்றுகூடப் போகவில்லை, ஈமெயில் நாற்பது நிமிடம் தாமதமாக, ஆனால் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். சிக்னல் இருக்கிறதே என்று முதல் மணி நேரத்தை வீணாக்கக் கூடாது. வடகிழக்கில் ஏறத்தாழ 29,000 செல்போன் கோபுரங்கள் வேலை செய்யாமல் நின்றுபோயின. அலை அடித்துக்கொண்டு போனவை கொஞ்சம்தான். மின்சாரம் போய், கோபுரத்தில் இருந்த பேட்டரி தீர்ந்து அடுத்த நாள் நின்றவைதான் நிறைய. நோட்டோவிலும் இதே மாதிரி முதல் நாளைவிடப் பின்னால்தான் சிக்னல் போன இடங்கள் அதிகமாயின. அங்கே வாஜிமா என்ற ஊரின் கடலோரத்தில் கப்பலில் கோபுரம் வைத்துச் சிக்னல் கொடுத்தார்கள்.

முதல் கேள்விக்குப் பதில்: 171. 1995 கோபே நிலநடுக்கத்தில் 6,434 பேர் இறந்தார்கள், போன் இணைப்பு திணறிப்போனது. அந்த அனுபவத்தில் 1998-இல் என்.டி.டி. என்ற தொலைபேசி நிறுவனம் கொண்டுவந்த சேவை இது. 171 அடித்தால் ஒரு குரல் வரும். 1 அழுத்தினால் பதிவு, 2 அழுத்தினால் கேட்பது. அடுத்து ஒரு போன் எண் கேட்கும். அந்த எண்தான் பெட்டியின் சாவி மாதிரி. உங்கள் தங்கை தன் எண்ணின் கீழ் 30 விநாடி பேசி வைத்தால், அதே எண்ணைப் போட்டு யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அவர் போன் செத்தே கிடக்கட்டும், தகவல் வேறு இடத்தில் இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து 171 அடிக்க முடியாது. அதற்கு வெப்171 என்று இணையத்தில் இருக்கிறது, ஆங்கிலத்திலும் வரும். நீங்கள் நாகையில் உட்கார்ந்து அவர் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். எந்த எண் என்று இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் இரண்டு எண்ணில் தேடினால் பயனில்லை.

தெருவில் பச்சை நிறப் பொதுத்தொலைபேசி கண்ணில் பட்டால் எங்கே என்று தங்கை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும். இடர்க் காலத்தில் அதன் அழைப்புக்கு முன்னுரிமை உண்டு. மின்சாரம் இல்லாவிட்டாலும் வேலை செய்யும், ஆனால் அப்போது கார்டு எடுக்காது. பையில் பத்து யென் நாணயம் நாலைந்து போட்டுவைத்தால் நல்லது. அதிலிருந்து 171-ஐ அடிக்கலாம்.

மதுரைமல்லி (ஆகஸ்ட் 25, காலை 7:20)

அண்ணா, இவ்வளவு சுற்றவேண்டாம் என்று நினைக்கிறேன். போட்டோ, பெயர், கடைசியாக இருந்த இடம், போன் நம்பர் எல்லாம் போட்டு எக்ஸ், பேஸ்புக், வாட்ஸ்அப் குழு எல்லாவற்றிலும் பகிருங்கள். ஆயிரம் பேர் பார்த்தால் ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். கூகுளும் 2011-இல் ஜப்பானுக்காகவே ஆள் தேடும் பக்கம் ஒன்று உருவாக்கியதே, அதிலும் போடலாம்.

எழுத்தாணி (ஆகஸ்ட் 25, பகல் 1:15)

மல்லி, ஒரு சின்னத் திருத்தம். கூகுளின் பர்சன் ஃபைண்டர் 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்துக்காக உருவானது. 2011-இல் ஜப்பானுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் திறந்துவிட்டார்கள். அதில் நான் வேலை செய்திருக்கிறேன். அதனால்தான் எழுத வந்தேன்.

அப்போது நான் சென்னையில் ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருந்தேன். முகாம்களில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைத் தாளில் மார்க்கரால் எழுதி வாசற்கதவிலும் சுவரிலும் ஒட்டியிருந்தார்கள். போனும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை, வேறு எப்படிச் செய்வார்கள்? அந்தத் தாள்களைப் போட்டோ எடுத்து இணையத்தில் ஏற்றச் சொன்னார்கள். பத்தாயிரத்துக்கும் மேல் போட்டோக்கள். எங்களைப் போலச் சுமார் 5,000 பேர் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகத் தட்டச்சு செய்தோம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்ப்பார். காவல்துறை, ஊடகங்கள் கொடுத்த பட்டியல்களும் சேர்ந்து கடைசியில் ஆறு லட்சத்துக்கும் மேல் பதிவுகள் ஆயின.

எனக்கு வந்த ஒரு போட்டோ இன்னும் கண்ணில் நிற்கிறது. பள்ளிக்கூட உடற்பயிற்சிக்கூடத்தின் கதவு. ஆறு தாள். நாலாவது தாளின் ஓரம் காற்றில் மடங்கியிருந்தது. அந்த மடிப்புக்குள் மூன்று பெயர்கள் பாதி பாதியாகத் தெரிந்தன. குடும்பப் பெயர் தெரிகிறது, சொந்தப் பெயர் தெரியவில்லை. அந்த மூன்றையும் தேடிக்கொண்டு யாரோ எங்கோ உட்கார்ந்திருப்பார்கள் அல்லவா? போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், முடியவில்லை. தெரிந்த பாதியை மட்டும் எழுதி, மீதி தெரியவில்லை என்று குறிப்பு வைத்தேன்.

நாகை அண்ணா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான். முகாமில் யாரோ ஒருவர் தாளில் பெயர் எழுதுவார். அதை எந்த எழுத்தில் எழுதுவார் என்பதில்தான் நம் ஆட்களுக்குச் சிக்கல்.

உதாரணத்துக்கு கயல்விழி என்று ஒரு பெண். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும், அல்லது கணவர் பெயர் இருக்கும், அல்லது காலியாக இருக்கும். ஜப்பானில் குடும்பப் பெயரைத்தான் முதலில் எழுதுவார்கள். ஆக அப்பா பெயர் முன்னால் வந்துவிடும். காதால் கேட்டு கதகானாவில், அதாவது அயல்நாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்தில், எழுதினால் ல, ள, ர, ற எல்லாம் ஒரே எழுத்து. ழ கிடையாது. நம் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து ஜ என்று எழுதுவார்கள். கயல்விழி 'கயருவிஜி' ஆகிவிடுவாள். அவள் பெயர் கதவில் ஒட்டியிருக்கும், அண்ணன் கண்ணில் படாது.

அதனால் அவர்கள் குடியிருப்பு அட்டையில் இருப்பது எழுத்துக்கு எழுத்து எப்படி என்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கிலோ மருத்துவமனைச் சீட்டிலோ கதகானாவில் எப்படி எழுதுகிறார்களோ அதையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பையன் பெயருக்கும் அதேபோல.

மல்லி, எல்லா இடத்திலும் பகிர்வது பற்றி: அந்தப் பக்கத்தில் ஒரே ஆளுக்கு நாலு பதிவு இருக்கும். ஒன்றில் உயிருடன் இருக்கிறார், இன்னொன்றில் தேடுகிறோம். கண்டுபிடித்தவர்கள் திரும்பி வந்து மாற்றியிருக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? ஆனால் இன்னொருவர் அந்தப் பழைய பதிவைப் பார்த்துவிட்டுத் தேடிக்கொண்டே இருப்பார்.

டோக்கியோவாசி (ஆகஸ்ட் 25, மாலை 6:50)

எழுத்தாணி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நோட்டோ சமயத்தில் இடிபாட்டுக்குள் சிக்கியிருக்கிறேன், காப்பாற்றுங்கள் என்று முகவரியோடு பொய்ப் பதிவுகள் வந்தன. ஒருவரைக் காவல்துறை பிறகு கைது செய்தது. பொய் முகவரிக்கு ஒரு குழு போனால் உண்மையான இடத்துக்கு அந்த நேரம் போகாது. இஷிகாவா மாகாணம் தகவல் தெரியாதவர்களின் பெயர்களைச் சீக்கிரமே பொதுவில் வெளியிட்டது. பெயரைப் பார்த்து, நான் இங்கே இருக்கிறேன் என்று சிலர் தாங்களே சொன்னார்கள், பட்டியல் குறைந்தது. அந்த மாதிரிப் பொறுப்பான ஓர் இடத்தில் பெயர் இருப்பது நூறு குழுவில் இருப்பதைவிட மேல்.

ஜப்பானியத்தில் ஒருவர் நலமா இல்லையா என்பதற்கு 'அன்பி' என்று ஒரு சொல். 2011-இல் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் கல்வித் தொலைக்காட்சியும் எஃப்.எம். வானொலியும் அன்பி தகவலை மணிக்கணக்கில் வாசித்தன. இந்த ஊரில் இருக்கும் இன்னாருக்கு, இன்னாரிடமிருந்து, எங்களைத் தொடர்புகொள்ளவும். அடுத்த பெயர். அடுத்த பெயர். நமக்கு அந்தச் சொல் அன்பு என்றே காதில் விழும். இத்தனை வருடம் ஆகியும் எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

மதுரைமல்லி (ஆகஸ்ட் 25, இரவு 8:02)

நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன் போலிருக்கிறது, புரிகிறது. ஆனால் 171-உம் இல்லை, இணையமும் இல்லை என்றால்? அப்போதும் ஏதாவது வழி வேண்டுமே.

வானலை (ஆகஸ்ட் 26, காலை 6:30)

அதற்கு நான் பதில் சொல்லலாம். சென்னையில் முப்பது வருடமாக ஹாம் ரேடியோ உரிமம் வைத்திருக்கிறேன், அதாவது தனிநபர்கள் பொழுதுபோக்காகச் சொந்தக் கருவியில் வானலை வழியாகப் பேசிக்கொள்வது.

2004 டிசம்பர் 26 காலை 6:28-க்கு சுமத்ரா பக்கம் பூமி அசைந்தபோது போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் என்ற ஹாம், தன் குழுவோடு இருந்தார். அந்தமானிலிருந்து ஹாம் ஒலிபரப்பு அபூர்வம், உலகமெங்கும் இருக்கும் ஹாம்கள் தொடர்புக்குக் காத்திருப்பார்கள். அதற்காகத்தான் அனுமதி வாங்கிக்கொண்டு போயிருந்தார். தொலைபேசி போனதும் அதே கருவியை அவசரச் செய்திக்குத் திருப்பிவிட்டார். தீவில் யார் நலம் என்ற செய்திகள் அந்த வழியாக நிலப்பகுதிக்கு வந்தன.

என் பங்கு சின்னது. இன்னொரு ஹாம் எடுத்துக்கொடுத்த பெயர்களை வாங்கி, எஸ்.டி.டி. போட்டு வீடுகளுக்குச் சொல்வது. நாற்பது பக்க ரூல் நோட்டில் பென்சிலால் எழுதிவைத்திருந்தேன். அந்தமானில் இராமநாதபுரம் பக்கத்து ஆட்கள் நிறைய. அப்படி ஒரு வீட்டுக்குப் போட்டேன். போர்ட் பிளேரிலிருந்து செய்தி என்றதும் எடுத்த அம்மா பேசவே இல்லை. நலம் என்ற சொல்லை முதலில் சொல்லியிருக்க வேண்டும், நான் ஊர்ப் பெயரை முதலில் சொல்லிவிட்டேன். அந்த நாலு விநாடி அவர் என்ன பட்டிருப்பார். அதற்குப் பிறகு எல்லா அழைப்பையும் 'உங்கள் மகன் நலம்' என்றுதான் தொடங்கினேன்.

2001 ஜனவரி 26 புஜ் நிலநடுக்கத்திலும் ஹாம்கள் போய்க் கருவி அமைத்தார்கள். ஆனால் மல்லி, இதை நம்பி இருந்துவிடவும் கூடாது. உரிமம் வாங்கத் தேர்வு எழுத வேண்டும், பழக வேண்டும். நிலநடுக்கம் வந்த பிறகு கருவி வாங்கிப் பேச முடியாது. வானலை வழியாக வரும் செய்தி எப்போதும் சின்னது. பெயர், இடம், நலம், யாருக்குச் சொல்ல வேண்டும், எந்த எண். அவ்வளவுதான் ஏறும். அந்த அளவுக்குச் சுருக்கிச் சொல்லப் பழகினால் 171-இன் 30 விநாடிக்கும் அது உதவும்.

மட்டுநகராள் (ஆகஸ்ட் 26, இரவு 10:18)

எழுத்தாணி பெயரைப் பற்றி எழுதினதை வாசித்துப்போட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நான் மட்டக்களப்பு. 2004-இல் என்ர சித்தியின்ர பிள்ளையைத் தேடி மூன்று நாள் முகாம் முகாமாய்ப் போனனாங்கள். ஞானசுந்தரி எண்டு பெயர். ஓரிடத்தில் ஆங்கிலத்தில் ஜி எழுத்தில் தொடங்கிப் பதிஞ்சிருந்தது, இன்னோரிடத்தில் என். ஆஸ்பத்திரியில் சிங்களத்தில். நாங்கள் தமிழ்ப் பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டு நிண்டனாங்கள். பிள்ளை ஒரு பள்ளிக்கூடத்தில் இன்னொரு குடும்பத்தோட இருந்தாள். அந்தப் பள்ளிக்கூட வாசலால முதல் நாளே ஒருக்கால் போனனாங்கள்.

அந்த நேரம் இலங்கையில கணினி படிச்ச ஆக்கள் சேர்ந்து 'சகனா' எண்டு ஒரு மென்பொருள் செய்தவை. காணாமல் போனவைக்கு ஒரு பதிவேடு, முகாம்களுக்கு ஒரு பதிவேடு எல்லாம் அதில இருக்கு. சகனா எண்டால் சிங்களத்தில நிவாரணம். பிறகு வேற நாடுகளிலும் பாவிச்சவை. பட்டியல் எங்க இருந்தாலும் ஒண்டோட ஒண்டு சேர வேணும் எண்ட எண்ணம் பெரிசு.

தம்பி, இன்னும் ஒண்டு. செஞ்சிலுவைக்குக் குடும்பத் தொடர்பை மீட்கிற வேலை இருக்கு. 2011-இல் ஜப்பானுக்கும் அதுக்கெண்டு இணையப் பக்கம் திறந்தவை. நாள் கணக்காய் ஒரு தகவலும் இல்லையெண்டால் அங்க பதியுங்கோ, தூதரகத்திலயும் பதியுங்கோ. தங்கச்சி இப்பவே தூதரகத்தில பெயர் குடுத்து வைக்கிறது நல்லம்.

நாகைக்காரன் (ஆகஸ்ட் 27, இரவு 9:15)

எல்லோர் பதிலையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மட்டக்களப்பு அக்காவின் பதிவை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

தங்கையிடம் பேசிவிட்டேன். அவளுடைய ஜப்பான் எண்தான் சாவி என்று முடிவாகிவிட்டது. மருத்துவமனைச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். அவள் பெயரை நான் முப்பது வருடமாகக் கூப்பிடுகிறேன், அந்தச் சீட்டில் இருப்பதைப் படிக்கச் சொல்லிக் கேட்டபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை.

சொந்தக்காரர்கள் விஷயம்தான் கஷ்டமாக இருந்தது. இனி ஏதாவது நடந்தால் தங்கைக்கு யாரும் போன் செய்யக் கூடாது, பெங்களூரில் இருக்கும் சித்தப்பா பையன் மட்டும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுவான், எல்லோரும் அவனிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று குடும்பக் குழுவில் எழுதினேன். பெரியம்மாவுக்கு வருத்தம். நான் தூக்கி வளர்த்த பிள்ளையை நான் கூப்பிடக் கூடாதா என்று கேட்டார். 61 அழைப்பு வந்த அந்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினேன். அதில் 14 அவருடையது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, சரிடா, அவனையே கேட்கிறேன் என்றார்.

டோக்கியோ அண்ணா, 171-ஐ நிலநடுக்கம் இல்லாதபோது அடித்துப் பழக முடியுமா?

டோக்கியோவாசி (ஆகஸ்ட் 27, இரவு 11:30)

முடியும். மாதந்தோறும் 1, 15 தேதிகளில் பயிற்சிக்காகத் திறந்துவிடுவார்கள். ஆகஸ்ட் 30 முதல் செப்டம்பர் 5 வரை இடர்த்தடுப்பு வாரம், அப்போதும் உண்டு. செப்டம்பர் 1 என்பது 1923 கான்டோ நிலநடுக்கம் நடந்த நாள், ஒரு லட்சத்துக்கும் மேல் மாண்டார்கள். ஊரே பயிற்சி செய்யும் நாள் அது, தங்கையும் அன்று செய்யட்டும்.

முகாம்களில் ஐந்து சைபரோடு ஜப்பான் என்ற பெயரில் வைஃபை தெரியும். கடவுச்சொல் கிடையாது, இலவசம். நலம் என்று சொல்லப் பயன்படுத்தலாம், வங்கி வேலை மட்டும் அதில் வேண்டாம். போன் சார்ஜ் செய்யும் பவர் பேங்கை மாதம் ஒருமுறை ஏற்றிவைக்கச் சொல்லுங்கள். அதே 1-ஆம் தேதி என்றால் மறக்காது.

நாகைக்காரன் (செப்டம்பர் 1, பகல் 11:48)

இன்று காலை செய்து பார்த்தோம். முதலில் 171-இல் பேசிவைத்தாள். அப்புறம் எங்களுக்காக வெப்171-இல் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தாள். எண்ணைப் போட்டதும் வந்தது: நல்லா இருக்கோம், ஸ்கூல்ல இருக்கோம், பையன் தூங்குறான். பயிற்சிதான் என்று தெரிந்தும் எனக்குக் கை நடுங்கியது. அம்மா மூன்று முறை வாசிக்கச் சொன்னார்.

பெயர்கள், எண், பள்ளிக்கூடத்தின் பெயர் எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதிச் செருப்பு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறாள். ஓடும்போது செருப்பை எடுக்கத்தானே அதைத் திறப்போம் என்றாள். பையனுடைய பையில் அதே அட்டையின் நகல், பின்பக்கம் பத்து யென் நாணயம் ஐந்து, டேப் போட்டு ஒட்டியது.

அம்மா ஒன்று கேட்கிறார். அவள் போட்ட தகவலுக்குக் கீழே நாங்களும் எழுத முடியுமா? பார்த்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம்.

டோக்கியோவாசி (செப்டம்பர் 1, பகல் 12:20)

அம்மாவுக்கு என் வணக்கம். எழுதலாம். அதே எண்ணின் கீழ் நீங்களும் பதிவு போடலாம், தங்கை அடுத்த முறை திறக்கும்போது பார்ப்பாள். நூறு எழுத்துக்குள் இருக்க வேண்டும்.

நாகைக்காரன் (செப்டம்பர் 1, பகல் 12:41)

போட்டுவிட்டோம். அம்மா சொல்லச் சொல்ல நான் அடித்தேன். 'பாத்துட்டோம்மா. பையன எழுப்பாத.'